லாச்சியும் தமிழ்க் கட்டுரையும்

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் தன்கதை என்றொரு கட்டுரை வகை உண்டு. பேனா பேசும், காலணி பேசும், மேசையும் மிதிவண்டியும் பள்ளிப்பையும் தத்தம் வரலாற்றைத் தாமே எடுத்துரைக்கும். தொழிற்சாலையில் பிறந்ததைச் சொல்லித் தொடங்கும். கடையின் கண்ணாடிப் பேழைக்குள் காத்துக் கிடந்ததைச் சொல்லி வளரும். ஒரு சிறுவன் வாங்கிச் சென்று கண்ணுங் கருத்துமாய்ப் பேணியதைச் சொல்லி மகிழும். பிறகு ஒருநாள் ஏதோ ஒன்று உடையும். உடைந்த மறுவரியிலேயே அப்பொருள் குப்பைத்தொட்டியைச் சென்றடையும். அங்கே கண்ணீர் வடித்துப் பழைய நாள்களை எண்ணி ஏங்கும்போது கட்டுரை முற்றுப்பெறும். பழுது நீக்கப்பெற்று மீண்டும் எழுதப் புகுந்த பேனாவை இக்கட்டுரைகளில் காண்பது குதிரைக்கொம்பே.

பிள்ளைகளின் கட்டுரைதானே, இதனால் என்ன கெட்டுவிட்டது என்று வினவுவார் உளர். கெட்டது சிறிதன்று. எதனைப் பற்றி ஒரு மாணவன் ஒரு மொழியில் மீண்டும் மீண்டும் எழுதப் பழகுகிறானோ, அதனைப் பற்றியே அம்மொழியில் எண்ணவும் பழகுகிறான். பொருள் பழுதுற்றால் அதற்காக வருந்துவதற்கு அவனிடம் மனப்பாடமான தொடர்கள் பல உள. பழுது எங்கே நேர்ந்தது, எதனால் நேர்ந்தது, எவ்வாறு நீக்குவது என்று ஆராய்வதற்கோ ஒரு தொடரும் இல்லை. அந்த வேலையைப் பின்னாளில் அவன் மலாய்மொழியிலோ ஆங்கிலத்திலோ செய்துகொள்வான். ஆராய்வதற்கு ஆங்கிலம், அரற்றுவதற்குத் தமிழ் என்று பாகப்பிரிவினை நடந்துவிடுகிறது. அதற்குக் கையொப்பமிடுவோர் அயலார் அல்லர், தமிழாசிரியரே.

2003ஆம் ஆண்டில் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் வந்தபோதும், அது கைவிடப்பட்டபின் 2016இல் இருமொழித் திட்டம் தலைகாட்டியபோதும், அறிவியலைத் தமிழில் கற்பிக்க முடியும் என்று தமிழன்பர்கள் மேடைதோறும் முழங்கினர். நேரிய முழக்கமே. ஆயின் அம்முழக்கம் மெய்யாவது மேடையிலன்று. நாற்பது பக்கக் கட்டுரை ஏட்டில். அந்த ஏட்டிலோ உடைந்த பேனா இன்னும் அழுதுகொண்டிருக்கிறது.

இதனைத் தெளிவுபடுத்த மிக எளிய பொருளொன்றே போதும்: திறவாமல் சிக்கிக்கொண்ட சமையலறை லாச்சி. இழுப்பறை என்று ஏட்டில் எழுதப்படும் அதனை மலேசியத் தமிழர் இல்லங்களில் லாச்சி என்றே அழைப்பர். இடமும் ஒன்று வேண்டுமாயின் தானா ராத்தாவினும் ஏற்ற இடம் அமையாது.

தானா ராத்தா என்னும் மலாய்ப் பெயருக்குச் சமநிலம் என்பது பொருள். 1885இல் நில அளவைக்கு வந்த வில்லியம் கேமரனின் பெயரைத் தாங்கி நிற்கும் மலைப்பகுதியில், கடல்மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், குன்றுகளுக்கிடையே அமைந்த சிறு நகரம் அது. 1929இல் போ நிறுவனம் தோன்றித் தேயிலை பயிரிடத் தலைப்பட்ட காலந்தொட்டுத் தமிழ்க் குடும்பங்கள் அம்மலையில் வாழ்ந்து வருகின்றன. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் மழை மிகும். ஆண்டின் தொடக்கத்தில் சற்றுக் குறையும். மழைக்காலத்தில் அங்குள்ள வீடுகளில் துவைத்த துணி இரண்டு நாளாயினும் காய்வதில்லை. சாடியிலுள்ள உப்பு நீர்விடும், தீப்பெட்டி நமத்துப்போகும், நூலின் ஏடுகள் அலையலையாய் நெளியும். அந்நாளில்தான் சமையலறை லாச்சியும் திறவாமல் நின்றுவிடும்.

நின்றவுடன் நிகழ்வன எல்லா வீட்டிலும் ஏறத்தாழ ஒன்றே. முதலில் இழுப்பார்கள். வாராதபோது வலிந்து இழுப்பார்கள். கைப்பிடி கையோடு பெயர்ந்து வரும். அடுத்து ஓங்கி ஓர் அடி. அதற்கும் அசையாவிடின் ஓர் உதை. இவ்வளவும் பயனற்றுப்போன பின்னர்த் தத்துவம் பிறக்கும். ஊரின் ஈரம் அப்படி என்பார் ஒருவர். வீட்டுக்காரி அளவின்றித் திணித்துவிட்டாள் என்பார் கணவர். இக்காலத்துச் சாமான் எதுவும் உழைப்பதில்லை என்பார் முதியவர். புதியதொன்று வாங்கிவிட்டால் தீர்ந்தது என்பான் மகன். நால்வரும் நான்கு தீர்ப்பு வழங்கிவிட்டனர். ஒருவராயினும் குனிந்து அந்த இடுக்கைப் பார்த்தாரில்லை. பார்க்காமலே தீர்ப்பு வழங்கும் இப்பழக்கத்துக்குப் பயிற்சிக்கூடமாய் அமைந்ததுதான் தன்கதைக் கட்டுரை.

குனிந்து பார்ப்பவனுக்கு லாச்சி தன் உண்மையான கதையைச் சொல்லும்.

மரம் வெட்டுண்ட பின்னரும் காற்றோடு உறவை அறுத்துக்கொள்வதில்லை. காற்றில் ஈரம் மிகுந்தால் அதனை வாங்கிக்கொள்ளும். குறைந்தால் திருப்பிக் கொடுக்கும். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 65 என்ற அளவில் நிற்கும் இடத்தில், மரத்தினுள் அதன் உலர்ந்த எடையில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு அளவு நீர் தங்கும். ஈரப்பதம் 90ஐ எட்டினால் அந்நீர் 20 பங்காகிவிடும். நீர் ஏறினால் மரம் வீங்கும். ஆனால் எல்லாப் பக்கமும் ஒருபடித்தாய் வீங்காது. நார் ஓடும் நீளவாக்கில் ஏறக்குறைய அசைவே இல்லை. நாருக்குக் குறுக்கேதான் வீக்கம். லாச்சியின் பக்கப் பலகைகளில் நார் முன்னிருந்து பின்னாக ஓடுகிறது. ஆகவே பலகை நீளாது, உயரும். ஒரு சாண் உயரங்கூட இல்லாத பலகை, மரத்தின் இனத்துக்கும் அறுத்த வகைக்கும் ஏற்ப இரண்டு மூன்று மில்லிமீட்டர் உயர்ந்துவிடும். தச்சன் மேலும் கீழும் விட்டுவைத்த இடைவெளியும் பெரும்பாலும் அவ்வளவே. இடைவெளி நிரம்பியது, லாச்சி நின்றது. இதில் ஊழும் இல்லை, வீட்டுக்காரியின் குற்றமும் இல்லை.

இங்கே மலைநாட்டுக்கே உரிய சிக்கல் ஒன்று சேர்கிறது. வீட்டுச் சாமான்கள் பெரும்பாலும் சமவெளியில் செய்யப்படுகின்றன. ஜொகூர் மாநிலத்து மூவார் அத்தொழிலுக்குப் பேர்போன ஊர். அங்கே மரத்தைச் சூளையிலிட்டு நன்கு உலர்த்திய பின்னரே அளந்து அறுத்துப் பொருத்துகின்றனர். அவ்வாறு இறுக்கமாய்ச் செய்த பேழை, தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாலையில் சரக்குந்தில் வந்து மேகத்துக்குள் நுழைகிறது. உலர்ந்த நாட்டின் அளவை ஈர நாட்டில் வைத்தால் பொருந்துமா? அந்தச் சாமான்களுள் பெரும்பகுதி ரப்பர் மரத்தாலானது என்பதையும் ஓர் இடைக்குறிப்பாகச் சொல்லலாம். பால் வற்றியபின் இருபத்தைந்து, முப்பது ஆண்டு முதிர்ந்த மரங்களை வெட்டி அறுத்தே அவற்றைச் செய்கின்றனர். பாட்டன் விடியலில் எழுந்து சீவிய மரத்தின் இனம் பேரனின் சமையலறையில் லாச்சியாய் நிற்கிறது. இதைக் காட்டிலும் நல்ல தன்கதை எங்கே கிடைக்கும்? எந்தப் பயிற்சி நூலும் இதைத் தொட்டதாகத் தெரியவில்லை.

வியப்பு இன்னொன்று. ஈரத்தை அறிவதில் கேமரன் மலைத் தமிழர் எவருக்கும் இளைத்தவரல்லர். பறித்த தேயிலைக் கொழுந்தில் முக்காற்பங்குக்கு மேல் நீரே. அதனை வாட்டி, உருட்டி, நொதிக்கவிட்டு, வெப்பக் காற்றில் உலர்த்தும்போது இறுதியில் நூற்றுக்கு மூன்று பங்கு நீர்தான் எஞ்ச வேண்டும். கூடினால் தூள் பூஞ்சணம் பூக்கும், மணம் கெடும். வாட்டும் தட்டில் கொழுந்தைக் கையால் அள்ளிப் பிசைந்து, பதம் ஆயிற்றா இல்லையா என்று சொல்லிவிடும் திறமுடையோர் தேயிலைத் தொழிற்சாலைகளில் தலைமுறை தலைமுறையாய் இருந்தனர். மழை நாளில் வாட்டும் நேரம் நீளும் என்பதும், வெயில் நாளில் குறையும் என்பதும் அவர்களுக்கு உள்ளங்கை நெல்லிக்கனி. பறிக்கும் வேலையில் பெரும்பங்கு இன்று வங்காளதேசம், நேபாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்தோரிடம் சென்றுவிட்டது உண்மையே; எனினும் அந்த அறிவு பல தமிழ் வீடுகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. இலையில் ஈரத்தை அறிந்த அதே கை, பலகையில் ஈரத்தை அறியாமல் லாச்சியைக் குத்துகிறதே, ஏன்? தொழிற்சாலையில் கற்றதை வீட்டுக்குக் கொண்டுவரும் பாலம் மொழிதான். அந்தப் பாலத்தைக் கட்டும் வேலை பள்ளியைச் சார்ந்தது. பள்ளி அதனைக் கட்டவில்லை.

இனி, சிக்கிய லாச்சியைத் திறக்கும் முறை. இதைக் கூறுவது இலக்கியக் கட்டுரைக்கு இழுக்கு என்று கருதுவோர் இப்பகுதியைத் தாண்டிச் செல்லலாம். ஆனால் அவர்கள் வீட்டு லாச்சி அவர்களைத் தாண்டிச் செல்லவிடாது.

எல்லாச் சிக்கலும் வீக்கத்தால் வருவதன்று. ஓரளவு திறந்து அதற்குமேல் வாராமல் நின்றால், உள்ளே ஓர் அகப்பையோ சப்பாத்திக் கட்டையோ தலைநிமிர்ந்து மேற்கட்டையில் முட்டுகிறது என்று கொள்ளலாம். அப்போது இழுப்பது முட்டுதலை இறுக்கவே செய்யும். லாச்சியை முதலில் உள்ளே தள்ள வேண்டும். பின்னர் மேலிடுக்கு வழியாக இரும்பு அளவுகோலையோ தட்டையான தோசைக் கரண்டியையோ நுழைத்து, முட்டும் பொருளைக் கீழே அமுக்கிக்கொண்டே மெல்ல இழுக்க வேண்டும். மேலே இன்னொரு லாச்சி இருப்பின் அதனைக் கழற்றி எடுத்துவிட்டு அவ்வழியே கைவிட்டு எடுப்பது அதனினும் எளிது. அடியில் விரித்த தாள் சுருண்டு பின்புறம் அடைத்துக்கொள்வதும் உண்டு. 1924இல் தோன்றிய தமிழ் நேசன் 2019இல் நின்றுபோயிற்று. ஆயினும் பல வீட்டு லாச்சிகளின் அடியில் அதன் பக்கங்கள் இன்னும் கிடக்கின்றன. அவற்றை எடுத்துப் பத்திரப்படுத்துவது லாச்சிக்கும் நல்லது, வரலாற்றுக்கும் நல்லது.

அகலம் மிகுந்து ஆழம் குறைந்த லாச்சியானால் ஒரு பக்கத்துக் கைப்பிடியை மட்டும் பிடித்து இழுக்கலாகாது. அது சற்றே கோணிக்கொண்டு, எதிரெதிர் மூலைகள் இரண்டும் பக்கச் சுவர்களில் ஊன்றிவிடும். ஊன்றியபின் எவ்வளவு வலிமையாய் இழுத்தாலும் அவ்வளவு வலிமையாய் எதிர்த்து நிற்கும். இயக்கவியல் படித்தோர் இதன் கணக்கை ஒரு பக்கத்தில் போட்டுக் காட்டுவர். படியாதவர் செய்யத்தக்கது, லாச்சியை நேராய் உள்ளே தள்ளிவிட்டு இரு கைகளாலும் சமமாய் இழுப்பது. கோபத்தில் எவரும் இரு கையால் இழுப்பதில்லை என்பதால் இச்சிக்கல் கோபக்காரர் வீட்டில் மிகுதி.

வீக்கமே காரணம் என்று தெரிந்தால் பொறுமையே முதல் கருவி. மெல்ல மெல்ல இடமும் வலமும் மாறி மாறி அசைத்து வெளியே எடுத்தபின், பளபளப்பாய்த் தேய்ந்திருக்கும் விளிம்பைப் பார்க்க வேண்டும். உராயும் இடம் அதுவே. தெளிவாய்த் தெரியாவிடின் விளிம்பெங்கும் சுண்ணக்கட்டியைப் பூசி ஒருமுறை உள்ளே தள்ளி எடுத்தால், பூச்சு அழிந்த இடம் காட்டிக்கொடுக்கும். பின்னர் லாச்சியை உலர்ந்த அறையில் சில நாள் நிறுத்தி வைக்கலாம். அடுப்பின்மேல் பிடித்துக் காய்ச்சினால் பலகை பிளக்கும். உலர்ந்தபின் மெழுகுவர்த்தியை உராயும் விளிம்பில் அழுத்தித் தேய்த்தால் வழுவழுப்பு வரும். சவர்க்காரம் தேய்ப்பாரும் உண்டு. அது ஈரத்தை இழுக்கும் ஆதலின் மலைநாட்டுக்கு ஆகாது. சமையல் எண்ணெயோ தடவிய அன்று வழுக்கும். நாளடைவில் பிசின்போல் ஒட்டித் தூசியைத் திரட்டும். இவற்றாலும் தீராவிடின் இழைப்புளியோ மணல்தாளோ கொண்டு சிறிதே இழைக்கலாம். எப்போது இழைப்பது என்பதில்தான் அறிவு இருக்கிறது. அடைமழையில் வீங்கி நிற்கும் பலகையை ஏற்றவாறு இழைத்துவிட்டால், ஈரங்குறைந்த பிப்ரவரியில் அது சுருங்கிக் கடகடவென்று ஆடும். இழைத்த விளிம்பை வார்னிஷ் பூசி மூடாமல் விட்டால், அடுத்த மழையில் முன்னினும் விரைவாய் நீர் குடிக்கும்.

தூள்பலகையில் செய்த மலிவுச் சாமானுக்கு இவ்வைத்தியம் செல்லாது. மரத்தூளையும் பசையையும் சேர்த்து அழுத்திய அப்பலகை நீர்பட்டு உப்பினால் மீண்டும் பழைய அளவுக்கு வாராது. அதன் இரும்புத் தண்டவாளம் கோணுவதும் திருகாணி பிடிப்பற்று ஆடுவதும் அதனாலேயே. ஆணித் துளையில் பசை தோய்த்த தீக்குச்சிகளைச் செருகித் திருகினால் சிலகாலம் தாங்கும். அவ்வளவுதான்.

இத்தனையும் தமிழில் சொல்ல முடிகிறது என்பது கருதத்தக்கது. அகப்பை, விளிம்பு, இடுக்கு, கோணல், ஊன்றுதல், இழைப்புளி, திருகாணி, நமத்தல், உப்புதல் முதலிய சொற்கள் மொழியில் உள்ளன. மாணவர் ஏட்டில்தான் இல்லை. சொல்வளம் என்றால் உவமைத்தொடரும் மரபுத்தொடரும் மட்டுமே என்று வரையறுத்துவிட்டமையால் வந்த வினை இது. நமத்தல், உப்புதல், வீங்குதல் மூன்றுக்கும் வேறுபாடு அறிந்தவனே சொல்வளம் உடையவன். நமத்தது உலர்ந்தால் மீளும். தூள்பலகை உப்பினால் மீளாது.

தூய்மை பேசுவோர் இவ்விடத்தில் குறுக்கிடுவர். லாச்சி தமிழா, அதனை முதலில் விலக்குக என்பர். அது டச்சு மொழியிலிருந்து கடல்வழி வந்த சொல். மலாக்காவை 1641இல் கைப்பற்றிய டச்சுக்காரரின் சொல் மலாய்மொழியில் நிலைத்தது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய அவர்களின் அதே சொல் ஈழத்தமிழிலும் நிலைத்தது. தமிழகத்துக்கு இல்லாத ஓர் உறவு மலேசியத் தமிழருக்கும் ஈழத்தமிழருக்கும் ஒரு லாச்சியால் ஏற்பட்டிருக்கிறது. அலமாரியும் மேசையும் சாவியும் சன்னலும் போர்த்துகீசியர் தந்தவை. இழுப்பறை என்பது அழகிய சொல், எழுதுக, தடையில்லை. ஆனால் லாச்சியை அடித்து இழுப்பறை என்று திருத்திவிட்டுத் தமிழ்ப்பணி நிறைவெய்திற்று என்று பேனாவை மூடுவது எவ்வகை நியாயம்? பெயர் மாறிற்று, அது இன்னும் திறக்கவில்லையே.

கைத்தொழிலைப் பாடுவது தமிழ்மரபுக்குப் புறம்பு என்பது இன்னொரு வாதம். இதனைக் கூறுவோர் சங்க இலக்கியத்தைப் பெயரளவில் வணங்குவோர் போலும். பொருநராற்றுப்படை யாழின் உறுப்புகளை ஒவ்வொன்றாய் விவரிக்கிறது. பெரும்பாணாற்றுப்படை உப்பு வணிகரின் வண்டியை உறுப்பு உறுப்பாய்க் காட்டுகிறது. மேடுபள்ளத்தில் அச்சு முறியக்கூடும் என்று கருதி உமணர் தம் வண்டியின் அடியில் மாற்றச்சு ஒன்றைக் கட்டிச் செல்வதை ஔவையார் புறநானூற்றில் உவமையாக்குகிறார். அச்சு முறிந்தால் வண்டி அழுதது என்று அவர் பாடவில்லை. முறிவதற்கு முன்பே மாற்றுக்கு வழி செய்த மக்களைப் பாடினார். எல்லாவற்றினும் சிறந்த சான்று நக்கீரரின் நெடுநல்வாடை. மழையும் குளிரும் மிகுந்த பருவத்தைப் பாடவந்த அப்புலவர், கைத்திறன் வாய்ந்த தச்சன் இடைவெளி தோன்றாவாறு இறுக்கிப் பொருத்திய வாயில்நிலையையும் கதவையும் பாடுகிறார். அதே பாட்டில், குளிரால் யாழ்நரம்பின் சுருதி மாறிவிட, மகளிர் அதனைத் தம் உடலின் வெம்மையால் தடவிச் சீராக்கிப் பண் அமைத்த செய்தியும் வருகிறது. குளிரும் ஈரமும் பொருளின் இயல்பை மாற்றும். காரணம் அறிந்து மாற்றினால் அது மீளும். இரண்டாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட மரபினர் அறிந்த இதனைத் தானா ராத்தாவின் குளிரில் வாழும் மாணவனுக்கு மறைத்துவிட்டு, உடைந்த காலணிக்கு ஒப்பாரி வைக்கக் கற்பித்தல் மரபுவழிக் கல்வி ஆகுமா?

வலிமையான மறுப்பு ஒன்று உண்டு. அதனைப் புறந்தள்ளல் ஆகாது. தோட்டத்து வீடு தொழிலாளியின் உடைமையன்று, நிருவாகத்தின் உடைமை. பழுதைத் தானே பார்த்துக்கொள் என்று தொழிலாளிக்கு உபதேசிப்பது முதலாளியின் கடமையைத் தட்டிக்கழிக்கத் துணைபோவதாகும் என்பர் சிலர். தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் வகுத்து 1966இலும், பின்னர் 1990இலும் சட்டம் இயற்றப்பட்டது. ஒழுகும் கூரையும் ஊறும் சுவரும் அச்சட்டத்தின் பொருள்கள். அவற்றுக்காக வாளியை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருப்பது பொறுமையன்று, ஏமாளித்தனம். ஆனால் இந்த மறுப்பே கட்டுரையின் கருத்துக்கு அரண் செய்கிறது. ஒரு லாச்சி மட்டும் மழைக்காலத்தில் சிக்கினால் அது காற்றின் ஈரம். சுவரோரத்து லாச்சிகள் எல்லாம் ஆண்டு முழுதும் சிக்கினால் அது சுவரின் ஈரம். முன்னதற்கு மெழுகுவர்த்தி; பின்னதற்கு நிருவாகத்துக்கு மனு. இரண்டையும் வேறுபடுத்தக் கற்றவன் எழுதும் மனுவில் நாள் இருக்கும், இடம் இருக்கும், காரணம் இருக்கும். அழக் கற்றவன் எழுதும் மனுவில் கண்ணீர்தான் இருக்கும். கண்ணீரைக் கோப்பில் வைத்துக் கட்டிவிடுவது எளிது.

சமையலறை என்பதனாலேயே இப்பொருளைச் சிறுமையாய்க் கருதுவோர்க்கும் ஒரு சொல். பயிற்சி நூல்களில் வரும் குடும்பத்தில் அம்மா எப்போதும் சமைத்துக்கொண்டிருக்கிறார். அப்பா எப்போதும் நாளிதழ் படித்துக்கொண்டிருக்கிறார். சிக்கிய லாச்சியோடு நாளும் போராடுபவர் முன்னவர். அதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவராய்க் கற்பிக்கப்படுபவர் பின்னவர். திருப்புளியைப் பெண்பிள்ளையின் கையில் கொடுத்து எழுதச் சொல்லும் கட்டுரைத் தலைப்பு எத்தனை? தொடக்கப்பள்ளியில் வாழ்வியல் திறன் என்றொரு பாடம் இருந்தது. அதனைத் தொடர்ந்து வடிவமைப்பும் தொழில்நுட்பமும் வந்தது. அவ்வகுப்பில் ஆணும் பெண்ணும் கருவிகளைத் தொடுகின்றனர். மணி அடித்துத் தமிழ் வகுப்பு தொடங்கியதும் கருவிகளின் பெயர்கள் வெளியே நிறுத்தப்படுகின்றன, செருப்பைப் போல.

தேர்வைக் காரணங்காட்டும் ஆசிரியர் முன்பு இருந்தனர். யூ.பி.எஸ்.ஆர். தேர்வில் இன்ன வகைக் கட்டுரை வரும், இன்னவாறு எழுதினால் புள்ளி வரும் என்று வாய்பாடு அமைத்துக்கொண்டனர். அத்தேர்வு 2021இல் கைவிடப்பட்டது. தேர்வு போனபின்னும் வாய்பாடு போகவில்லை. குப்பைத்தொட்டி அதே இடத்தில் இருக்கிறது.

தானா ராத்தா, ரிங்லெட், பிரிஞ்சாங் வட்டாரத்து ஆசிரியர் எவரேனும் மழைமாதத்தில் இப்படி ஒரு தலைப்பைத் தந்து பார்க்கட்டும்: வீட்டில் சிக்கிய லாச்சி ஒன்றைத் திறந்து, திறந்தவாறே எழுதுக. உவமை வேண்டாம், மரபுத்தொடர் வேண்டாம், கண்ணீர் வேண்டவே வேண்டாம். எது முட்டியது, எந்தப் பக்கம் தேய்ந்திருந்தது, என்ன செய்தபோது அசைந்தது என்பவை போதும். தேயிலைத் தொழிற்சாலையில் பணியாற்றிய தாத்தாவையோ பாட்டியையோ வினவி எழுதுவோர்க்குக் கூடுதல் புள்ளி தரலாம். முதல் ஆண்டில் பாதி வகுப்பு குப்பைத்தொட்டியிலேயே முடிக்கும், பழக்கம் அத்தகையது. அவ்வேடுகளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். லாச்சி தன் கதையைத் தானே கூறுவதாய் எழுதினும் குற்றமில்லை. மழையில் வீங்கிப் பிப்ரவரியில் மெலிந்ததை அது கூறட்டும். திருத்தும்போது, மெழுகு தேய்த்தேன் என்று மட்டும் எழுதியவனுக்கு, எந்த விளிம்பில் என்று ஓரத்தில் சிவப்பு மையால் ஒரு வினாக்குறி. இழைத்தேன் என்று எழுதியவளுக்கு, எந்த மாதத்தில் என்று இன்னொன்று.